பிள்ளையைப் பிடிக்க ஒரு ஆள்

ஜூன் 3, திங்கள்

இந்த டைரி பைப் கம்பெனிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. இத்தனை நாளும் டீ கிளாஸ் வைக்கத்தான் பயன்பட்டது; அட்டை முழுக்க வட்டம் வட்டமாகக் கறை. இன்று கடைக்கு மோட்டார் எதுவும் வரவில்லை, கரண்டும் இல்லை. சும்மா இருப்பதற்கு எழுதித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் இசக்கிராஜா. பனையங்குளத்தில் எரிந்துபோன கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலமானால் கபடி. எங்கள் ஊர் அணியில் பிடி என்றால் நான்தான். பாடி வருகிறவன் எவனாக இருந்தாலும் சரி, அவன் தொடை என் கையில் சிக்கிவிட்டால் திரும்பிப் போய்க் கோட்டைத் தொட மாட்டான். நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆனால் டைரியில் நான் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

மனைவி தெய்வகனி. ஊருக்கு நர்ஸம்மா, எனக்குக் கனி. எங்கள் ஊருக்கும் சுற்றுப்பட்ட ஊர்களுக்கும் அவள்தான் அரசாங்க நர்ஸ். புதன்கிழமை விடிந்தால் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடக் கிளம்பிவிடுவாள். ஒரு புதன் எங்கள் ஊர் பால்வாடி, மறு புதன் வேறு ஊர்.

மகள் தன்ஷிகா. ஒன்றரை வயதை நெருங்குகிறாள். கனி பிரசவ லீவில் அவள் அம்மா வீட்டில் இருந்தபோதே முதல் வருடத்து ஊசி எல்லாம் அங்கேயே போட்டு முடிந்தது. ஒவ்வொரு தடவையும் போகத்தான் நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு மோட்டார் எரிந்துவிட்டது.

இன்று சாப்பிடும்போது கனி சொன்னாள்: "அடுத்த புதன் நம்ம ஊரு முறை. பாப்பாவுக்கு ஒன்றரை வயசு ஊசி. நான் போடுதேன், நீங்க பிடிச்சுக்கிடுங்க."

"நானா?"

"பின்ன? எனக்கென்ன நாலு கையா இருக்கு? ஊருக்குள்ள உங்களவிட நல்லாப் பிடிக்க ஆளு இருக்கா?"

சரி என்றேன். இதில் எனக்கு ஒன்றும் இல்லை. மறந்துவிடக் கூடாதே என்றுதான் குறித்து வைக்கிறேன்.

ஜூன் 5, புதன்

மத்தியானம் அக்கா போன் செய்தாள். என் அக்கா முத்துச்செல்வி பாளையங்கோட்டையில் இருக்கிறாள். உலகத்தில் எது நடந்தாலும் அவளிடம் அதற்கு ஒரு டாக்டர் உண்டு.

"எலே தம்பி, பாப்பாவுக்கு ஊசி எங்க போடப்போற?"

"கனிதான் போடுதா. பால்வாடியில."

"கோட்டிப் பயலே! அந்த ஊசி போட்டா தொடை வீங்கி ரெண்டு நாள் காய்ச்சல்லலா கெடக்கும். இங்கன எங்க டாக்டரம்மாட்ட காய்ச்சல் வராத ஊசி இருக்கு. எம்மவனுக்கு அதத்தான் போட்டேன். போட்ட கையோட மீன்தொட்டியப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு நிக்கான். பிள்ளையப் பிடிக்க, கொஞ்ச, எல்லாத்துக்கும் நர்ஸுப் பிள்ளைய இருக்கு. நீ சும்மா நாற்காலியில உக்காந்திருந்தாப் போதும்."

அக்கா சொன்னதில் கடைசியாகச் சொன்னது எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது.

சாயங்காலம் கனி வந்து ஐஸ் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது பேச்சை எடுத்தேன்.

"மதினி சொல்லுத ஊசியும் நல்ல ஊசிதான், நான் ஒண்ணும் குறை சொல்லல" என்றாள். "இதும் நல்ல ஊசிதான். இதுல ரெண்டு நாள் சிணுங்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் இதப் போட்டுட்டு எம் பிள்ளைய மட்டும் டவுனுக்குத் தூக்கிட்டுப் போனா, நாளைக்கு எவளாவது பால்வாடிப் பக்கம் வருவாளா?"

"ஊருக்காகப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரணுமா?"

"ஊர்ப் பிள்ளைக்கு வாரது காய்ச்சல் இல்லாம என்னது?"

இருந்தாலும், ஒரு தகப்பனுக்குப் பிள்ளையின் நலம்தான் முக்கியம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். வேறு காரணம் எதுவும் கிடையாது.

ஜூன் 7, வெள்ளி

மோட்டார் மூடியைக் கழற்றும்போது தகடு கையைக் கிழித்துவிட்டது. கனி ஊசி போட்டே தீர வேண்டும் என்று நின்றாள். மஞ்சளை வைத்து இறுக்கிக் கட்டிவிட்டு, அவசரமாக மேலத்தெருவுக்குப் போய்விட்டேன். மேலத்தெருவில் ஒரு வேலையும் இல்லை. எல்லாவற்றுக்கும் ஊசி ஊசி என்று நிற்பது சரியில்லை என்பது என் கருத்து.

ஜூன் 9, ஞாயிறு

கோயில் கொடைத் திருவிழாவுக்கு பிளக்ஸ் வைத்துவிட்டார்கள். கொடை முடிந்து இருபத்து மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கபடிப் போட்டி. பஸ் ஸ்டாப்பில் ஆள் உயரத்துக்கு நான் நிற்கிறேன், பின்னால் ஒரு சிறுத்தை பாய்கிறது. கீழே 'அஞ்சா நெஞ்சன் இசக்கிராஜா' என்று சிவப்பு எழுத்து. இது எங்கள் கேப்டன் கொம்பையா செய்த வேலை. எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தப் பக்கமாகப் போக வேண்டிய வேலை இன்று ஏனோ நிறைய வந்தது.

கனி பிளக்ஸைப் பார்த்துவிட்டு, "சிறுத்தை நல்லாருக்கு" என்றாள்.

ஜூன் 11, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

கனிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மீட்டிங். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். அவள் பஸ் ஏறியதும் அடுத்த பஸ்ஸில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். நடுவில் கனி கூப்பிட்டால் பஸ் சத்தம் கேட்டுவிடுமே என்று போனை அணைத்துப் பையில் போட்டேன். பாப்பாவுக்கு ஒரே கொண்டாட்டம். வழியெல்லாம் மாட்டைப் பார்த்தால் "ம்மா", ஆட்டைப் பார்த்தாலும் "ம்மா".

அக்கா ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். உள்ளே நல்ல குளிர்ச்சி. சுவரில் ஒட்டகச்சிவிங்கி வரைந்திருக்கிறது. மீன்தொட்டி அக்கா சொன்னபடியே இருந்தது. எங்களை உட்கார வைத்துவிட்டு, மகனுக்குப் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் என்று அக்கா போய்விட்டாள். பரவாயில்லை, நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதுமே.

அப்போதுதான் பக்கத்து வரிசையிலிருந்து ஒரு குரல்.

"அண்ணாச்சி! நீங்க எங்க இங்கன?"

எங்கள் தெரு பவளக்கொடி. வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே கை தானாகப் பீடி சுற்றும், அப்படிப்பட்டவள். தங்கச்சி பிள்ளைக்கு இருமல் என்று துணைக்கு வந்தாளாம். அவளுக்கும் கைக்குழந்தை உண்டு. அதற்கும் நாளைக்குப் பால்வாடியில் ஊசி.

"சும்மா, அக்காவப் பாக்க வந்தேன்" என்றேன். பவளம் சுவரில் இருந்த 'தடுப்பூசி அறை' என்ற எழுத்தைப் பார்த்தாள், பாப்பாவைப் பார்த்தாள், "சரி சரி" என்றாள். அவள் சொன்ன சரி எனக்குப் பிடிக்கவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா நல்ல மனுஷி. பாப்பாவின் கன்னத்தைத் தட்டிப் பேர் கேட்டார். அதற்குள் நர்ஸுப் பெண் தட்டை எடுத்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்பா, பிள்ளைய மடியில வச்சு, ரெண்டு காலையும் உங்க முட்டுக்கு நடுவுல வச்சுக் கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்க."

"நானா? நீங்களே பிடிச்சுக்கிடுவீங்கன்னு சொன்னாங்களே."

"அப்பா மடியில இருந்தாத்தான் சார் பிள்ளைக்குப் பயம் இருக்காது."

அந்தப் பெண் பஞ்சை எடுத்தாள். அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு அவசர போன் வந்துவிட்டது. ஒரு தோட்டத்தில் மோட்டார் எரிந்துவிட்டதாம். என்ன செய்ய, தொழில் அப்படி. "இப்ப வந்துருதேன்" என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஜங்ஷனுக்கு வந்து பஸ் ஏறிவிட்டேன். சட்டை முழுக்க வேர்வை. அந்த ஏசியில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்துதான் போனை ஆன் செய்தேன்.

ஜூன் 12, புதன்

கனி எழுவதற்கு முன்பே பையைத் தூக்கிக்கொண்டு தூரத்து ஊர் ஒன்றுக்குக் கிணற்று வேலைக்குப் போய்விட்டேன். உண்மையான வேலைதான். நாளைக்குப் போயிருந்தாலும் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது, அது வேறு விஷயம்.

சாயங்காலம் வந்தால் கனி ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள்.

"பால்வாடிக்கு ஒரு குஞ்சு குளுவான் வரல. ரெண்டே ரெண்டு பிள்ளைய. நேத்து எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னேன். வாரோம் வாரோம்னாளுவ."

"வெயிலு" என்றேன்.

"வெயிலு பனையங்குளத்துக்குப் புதுசா?"

பாப்பாவுக்குப் போட்டாயா என்று மெதுவாகக் கேட்டேன். இல்லை, என்னைக் காணவில்லை என்று அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டாளாம்.

"பால்வாடி ஆயா பிடிச்சிருக்குமே?"

"நீங்கதான் பிடிக்கணும்." சட்டென்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று எனக்கு விளங்கவில்லை.

ஜூன் 13, வியாழன்

வெயில் இல்லை, பவளம்.

பீடிக்கடைத் திண்டில் பெண்கள் சுற்றிய பீடியை ஒப்படைக்க வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். பனையங்குளத்துக்கு வேறு ரேடியோ வேண்டாம். பக்கத்து டீக்கடையில் நான் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததைக் கவனிக்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நர்ஸம்மாவே தன் பிள்ளைக்கு டவுன்லதான் போடுதாவளாம். அவியளுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுது?"

"அதான பாத்தேன். நம்ம பிள்ளைக்கு ஒண்ணு, அவிய பிள்ளைக்கு ஒண்ணு."

"நான் அடுத்த மாசம் எங்க அண்ணன் வந்தப்பொறவு டவுனுக்கே கொண்டு போயிருவேன். அதுவரைக்கும் போட வேண்டாம்."

டீ கிளாஸைப் பாதியிலேயே கீழே வைத்தேன். எழுந்து போய் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். எதிரே பஸ் ஸ்டாப்பில் நான் சிறுத்தையோடு நின்றுகொண்டிருந்தேன். பேசாமல் கடைக்கு வந்துவிட்டேன்.

அதற்குள் செய்தி கனிக்குப் போய்விட்டது. சாயங்காலம் தெருவே கேட்க அவள் குரல்: "ஏ பவளம்! கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு? எங்க வீட்டுக்காரவிய எனக்குத் தெரியாம அப்படிச் செய்ய மாட்டாவ. வேணும்னா பிள்ளையத் தூக்கிப் பாரு, தொடையில ஊசித் தடம் இருக்கான்னு!"

"எங் கண்ணால பாத்தேன் மதினி!"

"பொய் சொல்லாத! வாய் புழுத்துப்போவும்!"

பவளம் அழுதுகொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள். கனி வீட்டுக்கு வந்து எனக்குத் தோசை சுட்டுப் போட்டாள். "ஊருல எவ என்ன சொன்னாலும் நான் நம்ப மாட்டேன், கேட்டியளா?" என்று சொல்லி இன்னொரு தோசை வைத்தாள். சாப்பிட்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

பயிற்சியில் மூன்று பேரைக் கோட்டை விட்டேன். கொம்பையா, "என்னல, கை வழுக்குது? எண்ணெய தேச்சிட்டு வந்தியா?" என்கிறான்.

பீடிக்கடையில் இப்போது இரண்டு கட்சி. பவளம் கட்சி பெரிது. தெருவில் பவளம் என்னைக் கண்டால் முந்தானையை உதறிக்கொண்டு போகிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரமாட்டேன் என்கிறது.

ஜூன் 19, புதன்

கனி இன்று போன ஊரிலும் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. பீடிக்கடை அந்த ஊருக்கும் சேர்த்துத்தானே. இதற்கிடையில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் ஒரு குழந்தைக்குத் தட்டம்மை வந்து, நெஞ்சில் சளி கட்டி, பெரியாஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்களாம். கனிக்கு மேலே உள்ள நர்ஸம்மா போனில் சத்தம் போட்டது எனக்கே கேட்டது. "உங்க ஊருப் பிள்ளைகள முதல்ல பாரு, தெய்வகனி! இருபத்தாறாம் தேதி நானே வந்து உக்காருதேன்."

கனி சோற்றில் கை வைத்தபடியே இருந்தாள். "அந்தப் பிள்ளைக்கும் ஊசி போடலியாம். நம்ம ஊருல ஒண்ணு அப்படிக் கெடந்தா நான் தாங்க மாட்டேன்" என்றாள். கண்ணில் தண்ணீர். பாப்பா போய் அவள் மூக்கைப் பிடித்து இழுத்தது. அதற்கும் சிரிக்கவில்லை.

எனக்கு நெஞ்சு வலிப்பது போல இருந்தது. கபடியில் அடிபட்டிருக்கும் என்று எழுத நினைத்தேன். அடி ஒன்றும் படவில்லை.

ஜூன் 21, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

காலையில் கனி பாப்பாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். நான் எதிரே போய் உட்கார்ந்து, "பவளம் சொன்னது நெசம்" என்றேன். சீப்பு அப்படியே நின்றது.

"ஊசி போட்டாச்சா?"

"இல்ல. தூக்கிட்டுப் போனேன். போடாம வந்துட்டேன்."

சீப்பைத் தரையில் வைத்தாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பிறகு, "ஐயோ, பவளத்தப் பொய்க்காரின்னுட்டேனே. வாய் புழுத்துப்போவும்னு வேற சொன்னேனே" என்றாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

"ஏன் போடாம வந்திய?"

"ஒரு அவசர போன்..."

"அன்னைக்கு நான் மத்தியானம் மூணு தடவ அடிச்சேன். ஸ்விட்ச் ஆஃப்னு வந்துச்சு."

பாப்பா பாதி சீவிய தலையோடு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "பிள்ளையப் பிடிக்கச் சொன்னாவ. எனக்கு ஊசியப் பாத்தா கையும் காலும் வெலவெலத்துப் போவுது. அதும் பாப்பா தொடையில... என்னால முடியல, கனி."

கனி என்னை உற்றுப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "அஞ்சா நெஞ்சன்!" என்கிறாள், மறுபடியும் சிரிக்கிறாள். பாப்பாவும் சேர்ந்து கை தட்டியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத பீடிக்கடையில வந்து சொல்லுங்க" என்றாள்.

"ஞாயித்துக்கிழம போட்டி இருக்கு, கனி. ஊரெல்லாம் பிளக்ஸ் வச்சிருக்கு. போட்டி முடியட்டும்."

"உங்க இஷ்டம்" என்றாள். சிரிப்பு போய்விட்டது. பாப்பாவுக்கு மீதித் தலையைச் சீவி முடித்தாள்.

ஜூன் 23, ஞாயிறு

ஜெயித்தோம். கடைசி ஆட்டத்தில் அவர்களுடைய பெரிய ஆளை நான்தான் தொடையோடு சேர்த்து மடக்கினேன். ஊர் எழுந்து நின்று கத்தியது. வெளிச்சம் இருக்கும்போதே பரிசு கொடுத்துவிட்டார்கள். முதல் பரிசு ஒரு கிடாய். அதைக் கயிற்றோடு என் கையில் கொடுத்து, மைக்செட்காரர், "அஞ்சா நெஞ்சன் இரண்டு வார்த்தை பேசுவார்!" என்று மைக்கையும் கொடுத்துவிட்டார்.

ஒரு கையில் கிடாய், ஒரு கையில் மைக். பெண்கள் பக்கம் பார்த்தேன். பவளம் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு ஓரத்தில் நின்றாள். கனி இன்னொரு ஓரத்தில் நின்றாள். நடுவில் ஒருத்தியும் நிற்கவில்லை. நன்றி வணக்கம் சொல்லி இறங்கத்தான் நினைத்தேன். வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"எல்லாரும் ஒரு விஷயம் கேட்டுக்கிடணும். பவளக்கொடி சொன்னது நெசம். நான் பிள்ளையத் தூக்கிட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எம் பொண்டாட்டிக்குத் தெரியாது. தெரியாமத்தான் அவ பவளத்தோட சண்டைக்குப் போயிட்டா. தப்பு எம்மேலதான்."

மைக் கீச்சென்று கத்தியது. தள்ளிப் பிடித்தேன்.

"ஆனா அங்கன நல்ல ஊசி, இங்கன கெட்ட ஊசின்னு போகல. ஊசி போடும்போது பிள்ளையப் பிடிக்கணும்னு கனி சொன்னா. எனக்கு ஊசின்னா பயம். அதுக்குப் பயந்து அங்கன போனேன். அங்கனயும் என்னத்தான் பிடிக்கச் சொன்னாவ. ஓடியாந்துட்டேன். எம் பிள்ளைக்கு இன்னும் ஊசி போடல. வார புதன் நம்ம பால்வாடியில, நர்ஸம்மா கையாலதான் போடப்போறோம். நான்தான் பிடிக்கப்போறேன். அவ்வளவுதான்."

கிடாய் மட்டும் ஒரு தடவை கத்தியது. அப்புறம் எங்கிருந்தோ ஒருத்தன் கெக்கெக்கென்று சிரித்தான், அவ்வளவுதான், ஊரே சிரித்தது. தோற்றுப்போன அணிக்காரன் தரையில் உருண்டு சிரித்தான். கொம்பையா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "எலே, பிளக்ஸக் கழட்டுங்கலே!" என்றான் ஒருவன்.

காது வரைக்கும் சூடு ஏறிவிட்டது. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அப்பாடா என்று இருந்தது. கிடாயை இழுத்துக்கொண்டு இறங்கும்போது பார்த்தேன், கனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு பவளத்தின் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

ஜூன் 25, செவ்வாய்

கடைக்கு வருகிறவன் எல்லாம் "ஊசி!" என்று கத்திவிட்டு ஓடுகிறான். காயில் இரண்டு தடவை தப்பாகக் கட்டினேன். நாளைக்குப் புதன்.

ஜூன் 26, புதன்

இன்று மத்தியானம் கடையைத் திறக்கவில்லை. உட்கார்ந்து எழுதுகிறேன்.

பால்வாடி வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. ஊசி போட வந்த கூட்டம் பாதி, என்னைப் பார்க்க வந்த கூட்டம் பாதி. பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கனிக்கு மேலே உள்ள நர்ஸம்மா நாற்காலியில் உட்கார்ந்து, "என்னம்மா, இந்த ஊருல ஆளே வரலைன்னியே?" என்று கேட்டார்.

முதல் பிள்ளை எங்கள் பிள்ளை. ஸ்டூலில் உட்கார்ந்து பாப்பாவை மடியில் வைத்தேன். கால்களை என் முட்டுக்கு நடுவில் வைத்து, கையைச் சேர்த்துப் பிடித்தேன். எருமை மாதிரி ஆட்களை மடக்கின கை. இந்தத் தொடை என் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. என் முட்டு ஆடியதில் பாப்பாவும் சேர்ந்து ஆடியது. ஊஞ்சல் ஆட்டுகிறேன் என்று நினைத்துச் சிரித்தது.

கனி குனிந்தாள். பஞ்சால் துடைத்தாள். ஊசியை எடுத்தவள் எடுத்தபடியே நின்றாள். நிமிர்ந்து பார்த்தேன். அவள் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது.

யாருக்கும் கேட்காமல் என் காதுக்குள் சொன்னாள்: "இதுவரைக்கும் எம்பிள்ளைக்கு நான் போட்டதே இல்ல. அங்க எங்க ஊரு நர்ஸக்காதான் போட்டாவ, நான் வெளிய போயி நின்னுக்கிட்டேன். நீங்க பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியம் வந்துரும்னுதான் உங்களையே பிடிக்கச் சொன்னேன்."

அஞ்சா நெஞ்சனை நம்பியது ஊர் மட்டும் இல்லை, இவளும்தான். என் பயத்தைப் பற்றியே இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். அவளுக்கும் பயம் இருக்கும் என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை எனக்கு.

"போடு கனி" என்றேன். "நான் பிடிச்சிருக்கேன்."

என் முட்டு ஆடுவது எப்போது நின்றது என்று தெரியாது. அவள் கையும் நின்றது. நான் கண்ணை மூடவில்லை. இரண்டு ஊசி: முதலில் பாப்பாவின் கையில், அப்புறம் தொடையில். பாப்பா வீல் என்று கத்தி, என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. பாருங்கள், அது ஒன்றுதான் தாங்க முடியவில்லை. எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. பாப்பா அழுவதை நிறுத்திவிட்டு என்னை வேடிக்கை பார்த்தது.

"ஏ யாத்தி, அண்ணாச்சி அழுதாவ!" என்று ஒருத்தி சொல்ல, பால்வாடியே சிரித்தது. கனியும் சிரித்தாள், அழுதாள், இரண்டும்தான்.

அடுத்தது பவளம். மகனைக் கொண்டுவந்து என் மடியில் தொப்பென்று வைத்தாள்.

"எம் மவனையும் நீங்களே பிடிங்க. அவிய அப்பா பயந்தாங்கொள்ளி, டீக்கடையில ஒளிஞ்சிருக்காவ. கேட்டா கால்ல சுளுக்காம்."

கனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பவளம், நான் அன்னைக்கு உன்ன..."

"சவத்த விடுங்க மதினி. எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்காம ஊசியப் போடுங்க. அப்படியே அண்ணாச்சிக்கும் ஒண்ணு போட்டு விடுங்க."

அப்புறம் ஒவ்வொருத்தியாகப் பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையின் அப்பனுக்கும் ஒரு சோலி, ஒரு சுளுக்கு, ஒரு போன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிரே டீக்கடையில் எங்கள் அணியில் பாதிப் பேர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள், கேப்டனும் சேர்த்து.

"எலே கொம்பையா! உம் பிள்ளை முறை வந்துட்டு, வால!" என்று கத்தினேன். ஒருத்தனும் திரும்பவில்லை. கொம்பையா அவசரமாகப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான்.

டவுனுக்குக் கொண்டு போகப் போவதாகச் சொன்ன அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். "அண்ணன் எப்ப வாரது, நான் எப்பப் போறது" என்று சொல்லிக்கொண்டே பிள்ளையின் கால்சட்டையைக் கழற்றினாள். ஐஸ் பெட்டி காலியாகத்தான் வீட்டுக்கு வந்தது.

ஜூன் 27, வியாழன்

பாப்பாவுக்குக் காய்ச்சல். தொடையில் கொஞ்சம் வீக்கம். கனி சொன்ன மருந்தைச் சொன்ன அளவு கொடுத்தேன். காலை முழுக்க என் நெஞ்சில் படுத்துச் சிணுங்கியது. எனக்கும் சிணுங்க வேண்டும் போலத்தான் இருந்தது. அக்கா போன் செய்து, "நான் சொன்னேன்லா?" என்றாள். "ஆமா, சொன்ன" என்றேன். "கெட்டியாப் பிடிச்சியாலே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நான் எம்மவனுக்குப் போடும்போது வெளிய மீன்தொட்டிக்கிட்டதான் நின்னேன்" என்றாள்.

ஜூன் 28, வெள்ளி

காய்ச்சல் விட்டது. பிளக்ஸைக் கழற்றிப் பவளத்தின் வீட்டு ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டுவிட்டார்கள். கிடாயும் அதற்குக் கீழேதான் நிற்கிறது.

சாயங்காலம் கனி ஐஸ் பெட்டியைத் துடைத்துக்கொண்டே, அடுத்த புதன் போகிற ஊரிலும் பிள்ளைகளைப் பிடிக்க அப்பன்மார் யாரும் வரமாட்டார்களாம், நீங்கள் வருகிறீர்களா என்று கேட்டாள். வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாப்பா ஒரு விளக்குமாற்றுக் குச்சியைத் தூக்கிக்கொண்டு தத்தித் தத்தி வந்தது. என் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, அம்மா செய்த மாதிரியே முதலில் உள்ளங்கையால் தேய்த்தது. பிறகு குச்சியை ஓங்கியது.

நான் கையை இழுக்கவில்லை.